எருக்குழியின் நாள்கணக்கு

உழவர் பேச்சில் குப்பை என்பது தூக்கி எறிய வேண்டிய பொருளன்று. ஒருவர் இந்த வருசம் பத்து வண்டி குப்பை அடித்துவிட்டதாகச் சொன்னால், அவர் தம் வயலுக்கு உரமிட்டு முடித்துவிட்டார் என்றே ஊரில் புரிந்துகொள்வார்கள். நகரத்துப் பேச்சிலோ அதே சொல் நாற்றத்தையும் ஈயையும் தெருமுனைத் தொட்டியையும் நினைவூட்டுகிறது. ஒரே சொல் இப்படி இரண்டு வழியாகப் பிரிந்து போனதைப் போலவே, அந்தக் குப்பைக்குள் குடியிருக்கும் சிற்றுயிர்களைப் பற்றிய மதிப்பும் காலத்துக்குக் காலம், ஆளுக்கு ஆள் வேறுபட்டு வந்திருக்கிறது. எருக்குழியில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு, வீட்டுக் கோழிக்குத் தீனியாகவும் தென்னந்தோப்புக்காரருக்குத் தீராப் பகையாகவும் இருந்தது. அதே குழியில் மொய்த்த ஈயின் புழு, உழவரின் கண்ணில் படாமலே இருந்து, சுகாதார அதிகாரியின் கண்ணில் நோயின் விதையாகப் பட்டது. இவ்வளவு மாற்றங்களுக்கும் அடியில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. குப்பை எத்தனை நாள் கிளறப்படாமல் கிடக்கிறதோ, அத்தனை நாளுக்குள் பிறந்து வளர்ந்து சிறகு முளைத்து வெளியேறக்கூடிய பூச்சிதான் அதைத் தன் வீடாக்கிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை வெட்டிய குழிக்கு உரிய பூச்சி ஒன்று, மூன்று மாதத்தில் மக்கவைத்த குவியலுக்கு உரியது வேறொன்று, வாரந்தோறும் கிளறும் வீட்டுத் தொட்டிக்கு உரியது இன்னொன்று என்று, எருக்குழிப் பூச்சிகளின் வரலாறு பெரும்பாலும் இந்த நாள்கணக்கின் வரலாறாகவே அமைந்திருக்கிறது.

எருவின் பெருமையைப் பழந்தமிழ் நூல்கள் அறியாமல் இல்லை. உழவைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், நன்றாக உழுது புழுதியைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்று ஒரு குறளில் சொல்லிவிட்டு, அடுத்த குறளிலேயே ஏர் ஓட்டுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார். இவ்விரண்டையும் பொருத்திக் காட்ட உரையாசிரியர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் அந்த எரு எப்படிச் சேர்ந்தது, அதில் என்ன வாழ்ந்தது என்பதை இலக்கியம் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. புழு பூச்சியாக மாறுவதைத் தத்துவ நூல்கள் கவனித்தன. குளவி கொட்டிக் கொட்டித்தான் புழு குளவியாகிறது என்று நம்பி, குருவின் அருளால் உயிர் மாறுவதற்கு அதை உவமையாக்கின. கோடையில் குழியை வெட்டிய உழவருக்கோ அந்தக் குளவி தேவைப்படவில்லை. புழுவும், மண்கூட்டுக்குள் உறங்கும் கூட்டுப்புழுவும், கொம்பு முளைத்த வண்டும் ஒரே வெட்டில் அடுத்தடுத்துக் கிடைத்ததை அவர் ஆண்டுதோறும் பார்த்தார்.

தமிழகத்துக் கிராமங்களின் பழைய எருக்குழி, வீட்டுக் கொல்லையிலோ மாட்டுத் தொழுவத்தை ஒட்டியோ இருந்த ஆழமில்லாத பள்ளம். குழி நிறைந்த பிறகு அதுவே மேடாகிவிடும் என்பதால் குப்பைமேடு என்ற பெயரும் அதற்கே வழங்கியது. தொழுவத்தைக் கூட்டி அள்ளிய சாணமும், மாட்டு மூத்திரத்தில் நனைந்த மண்ணும், மாடு தின்று ஒதுக்கிய வைக்கோல் கூளமும், வாசலில் பெருக்கிய சருகும், அடுப்புச் சாம்பலும் நாள்தோறும் அதில் விழுந்தன. இப்படிக் கிடைத்ததைத் தொழுவுரம் என்று வேளாண் நூல்கள் குறிக்கின்றன. ஆண்டு முழுவதும் நிறைந்த குழி அறுவடை முடிந்து வயல் காயும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் வெட்டப்பட்டு, வண்டியேறி வயலுக்குப் போயிற்று. மேலே கிடந்தது நேற்றைய சாணமாகவும், அடியில் கிடந்தது கைக்குள் பொலபொலவென உதிரும் கருமண்ணாகவும் இருக்க, ஒரே குழியில் ஓராண்டுக் காலமும் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது.

மண்வெட்டி இறங்கும்போது அந்த அடுக்குகளின் குடிகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மேல் ஈரத்தில் ஈப்புழுக்களும் சாணத்தைக் குடைந்த சிறு வண்டுகளும், அதற்குக் கீழே மரவட்டைகளும் பூரான்களும், பக்கச் சுவரின் ஈரமண்ணில் பிள்ளைப்பூச்சிகளும், அடியில் விரல் பருமனுள்ள வெள்ளைப் புழுக்களும் இருந்தன. பழுப்புநிறத் தலையும், உள்ளிருக்கும் சாணம் சாம்பல்நிறமாகத் தெரியும் பருத்த வாலுமாக, வெளிச்சம் பட்டதும் அரைவட்டமாகச் சுருண்டுகொள்ளும் அவற்றைக் கோழிகளும் காகங்களும் மைனாக்களும் வெட்டுபவரின் காலடியிலேயே நின்று பொறுக்கின. இந்தக் காட்சியில் யாரும் பகைவரில்லை. சாணத்தை மண்ணாக்கும் வேலையில் இவ்வுயிர்களுக்குப் பங்குண்டு என்று விளக்கிச் சொல்ல அறிவியல் வரவேண்டியிருந்தது; அது வந்தபோதும் முதலில் பேசியது பூச்சியைப் பற்றியன்று, மண்புழுவைப் பற்றித்தான். சார்லஸ் டார்வின் மண்புழுக்கள் நிலத்தின் மேல்மண்ணை உருவாக்கும் விதத்தை ஆராய்ந்து 1881-இல் நூல் எழுதினார். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1891-இல், பெ. சுந்தரம் பிள்ளை தம் மனோன்மணீயம் நாடகத்தில் நடராசன் என்னும் பாத்திரத்தை நாங்கூழ்ப்புழுவிடம், அதாவது மண்புழுவிடம், பேசவைத்து அதன் உழைப்பை மனமாரப் புகழச் செய்தார். எருக்குழியின் வண்டுப்புழுவுக்கு அப்படி ஒரு புலவர் கிடைக்கவில்லை.

ஆங்கில அரசின் அறிஞர்கள் இந்தக் குழியைப் பார்த்த பார்வை வேறு. அரச வேளாண் கழகத்தின் வேதியியலாளரான ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், இந்திய வேளாண்மையைப் பார்வையிட அனுப்பப்பட்டு 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், விறகுப் பஞ்சத்தால் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்துபோவதே எருக்குறைவுக்குத் தலையாய காரணம் என்று எடுத்துக் காட்டினார். திறந்து கிடக்கும் குழியில் வெயிலாலும் மழையாலும் தழைச்சத்து வீணாகிறது என்பதே வேளாண் துறையினர் அடுத்த பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. பூச்சி அவர்கள் கணக்கில் வந்தது எருவின் வழியாகவன்று, தென்னையின் வழியாக.

காண்டாமிருக வண்டு என்று வழங்கும் கருவண்டு, ஆணின் தலையில் பின்னோக்கி வளைந்த கொம்பு உடையது. 1758-லேயே லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். வளர்ந்த வண்டு இரவில் பறந்து தென்னையின் குருத்துக்கு வருகிறது. இன்னும் விரியாத இளம் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அந்தத் தண்டைத் துளைத்து, நாரை மென்று சாற்றைக் குடிக்கிறது. அந்த ஓலை பிறகு விரியும்போது, கத்தரிக்கோலால் வெட்டிய காகித விசிறி போல இரு பக்கமும் ஒத்த வெட்டுகளோடு விரிவதால், தோப்புக்குள் நுழையும் எவரும் அண்ணாந்து பார்த்தே வண்டு வந்துபோனதைச் சொல்லிவிட முடியும். ஆனால் இவ்வண்டு தென்னையில் முட்டையிடுவதில்லை. செத்து மக்கும் தென்னந்தண்டிலும் எருக்குழியிலும்தான் முட்டையிடுகிறது. முட்டை பொரிக்க ஏறக்குறைய பத்து நாள். புழு மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சாணத்தையும் மக்கையும் தின்று பருக்கிறது. பிறகு மண்ணால் கூடு கட்டி, உள்ளே உருமாறி, வண்டாகி வெளியேறுகிறது. ஆக, முட்டையிலிருந்து வண்டு வரை ஐந்தாறு மாதமாவது ஆகிறது. ஓராண்டு அசையாமல் கிடந்த குழி, இந்த வண்டுக்கென்றே அளந்து வெட்டியதைப் போல இருந்தது என்று சொல்வது மிகையாகாது. மாடும் தென்னையும் ஒரே கொல்லையில் இருந்த வீடுகளில், மாட்டின் பக்கம் வளர்ந்தது தென்னையின் பக்கம் போய்த் தின்றது.

மரமேறிகள் இதற்குக் கண்ட வழி, நுனியில் முள் வைத்த நீண்ட கம்பி. குருத்தின் துளையில் அதை விட்டு, வண்டைக் குத்தி வெளியே இழுத்துவிட்டு, துளையில் மணலை நிரப்பினார்கள். வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து இடுவதை வேளாண் துறை இன்றும் பரிந்துரைக்கிறது. ஆனால் இந்த வழியில் ஒரு மரத்துக்கு ஒரு வண்டுதான் போகும். குழியில் அடுத்த தலைமுறை தின்றுகொண்டிருக்கும். குழியைக் கவனிக்காமல் மரத்தைக் காக்க முடியாது என்பதைத் தோட்டப் பயிர் முதலாளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உணர்ந்தனர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, தென்னைகளை வண்டுகள் அழிப்பது பற்றி 1889-இல் அறிக்கை எழுதினார். அதையொட்டி, செத்த மரங்களையும் வண்டு பெருகும் குவியல்களையும் உடைமையாளரே அழித்தாக வேண்டும் என்ற வகைச் சட்டங்கள் மலாயா நாட்டில் வந்தன. சொந்தக் கொல்லையில் குப்பை சேர்த்து வைப்பது, அதில் புழு இருந்தால், சட்டப்படி தவறாகக்கூடும் என்ற நிலை அவ்வாறு தோன்றிற்று. சென்னை மாகாணமும் 1919-இல் பயிர்ப் பூச்சிகளையும் நோய்களையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் பிளெட்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய பெருநூலும், டி. வி. இராமகிருஷ்ண அய்யர் 1940-இல் வெளியிட்ட கையேடும் இப்பகுதியின் பயிர்ப்பூச்சிகளை முறையாக வகைப்படுத்திய நூல்கள். 1916-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த காசர்கோட்டில் தொடங்கிய தென்னை ஆய்வு நிலையம் இன்று மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

இந்த வண்டின் வரலாற்றில் மிகப் பெரிய விபத்துக்கு இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909-இல் இலங்கையிலிருந்து பசிபிக் பெருங்கடலின் சமோவாத் தீவுக்குப் போன ரப்பர்க் கன்றுகளோடு, வேரைச் சுற்றியிருந்த மண்ணில் ஒளிந்து, காண்டாமிருக வண்டும் கப்பலேறிவிட்டது. தேங்காயே வாழ்வாக இருந்த அத்தீவு அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. ஊர்மக்கள் வண்டையும் புழுவையும் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. ஜெர்மனியிலிருந்து கார்ல் பிரீடெரிக்ஸ் என்ற பூச்சியியலாளர் வரவழைக்கப்பட்டார். அவர் மேற்கொண்ட வழி நயமானது. வண்டு தேடிவரும் மக்குக் குவியலைத் தாமே செய்து, அதில் புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சணத்தைக் கலந்து, குவியலையே பொறியாக்கினார். மெட்டாரைசியம் என்னும் அந்தப் பூஞ்சணம் பட்ட புழு விறைத்து, மேலெல்லாம் பச்சை மாவு தூவியது போலாகிவிடும். என்றாலும் வண்டு தீவுகள்தோறும் பரவியதை அது தடுக்கவில்லை. 1963-இல் மலேசியாவில் அலாய்ஸ் ஹியூகர் என்ற ஜெர்மன் அறிஞர், வண்டுப்புழுக்களிடையே இயல்பாகவே பரவிக் கொல்லும் வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தார். கப்பலேறி வந்த வண்டுகள் அந்த நோயைத் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்ததால்தான் புதிய தீவுகளில் அவ்வளவு பெருகின என்பது புரிந்தது. 1967-இல் சமோவாவில் வைரஸை விட்டபோது வண்டின் எண்ணிக்கை குறைந்து, தென்னைகள் தேறின. கேரளத்திலும் அதே வைரஸ் இருப்பது தெரிந்து, 1980-களில் மினிக்காய்த் தீவில் அது விடப்பட்டது. எருக்குழிக்குப் பூஞ்சணம் இடும் முறையும் தமிழகத்துத் தென்னை விவசாயிகளிடையே இன்று வழக்கத்துக்கு வந்துவிட்டது.

வண்டோடு நடந்த இந்தப் போராட்டத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் ஆராய்ச்சி, எருக்குழியின் நாள்கணக்கையே மாற்றியது. 1905-இல் பூசாவில் அரசுத் தாவரவியலாளராகப் பணியேற்ற ஆல்பர்ட் ஹோவர்டு, 1924 முதல் 1931 வரை இந்தூரின் தாவரத் தொழில் நிறுவனத்தில் பணியாற்றியபோது யஷ்வந்த் வாட் என்ற துணையாளரோடு சேர்ந்து, பண்ணைக் கழிவை மூன்றே மாதத்தில் மக்காக்கும் முறையை வகுத்தார். இந்தூர் முறை என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. இருவரும் 1931-இல் வெளியிட்ட நூல் அதை விரிவாக விளக்குகிறது. ஏறக்குறைய 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட, ஆழம் குறைந்த குழியில் சருகு, களைச்செடி, வைக்கோல் ஆகியவற்றைச் சாணத்தோடும் மூத்திரம் ஊறிய மண்ணோடும் சாம்பலோடும் அடுக்கி, ஈரம் காத்து, இரண்டு மூன்று முறை கிளறிப் புரட்ட வேண்டும். காற்று உள்ளே போகப் போக நுண்ணுயிர்கள் பெருகி, குவியலின் நடுப்பகுதி 65 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. காற்று, ஈரம், கலவை என்ற மூன்றும் சரியாக இருந்தால் ஈப்புழுவும் நாற்றமும் தலைகாட்டா என்பது ஹோவர்டின் கருத்து. ஈ வந்தால் அது குவியலைக் கட்டியவரின் பிழையைக் காட்டும் அடையாளம், உடனே புரட்டுவதே மருந்து.

பூச்சியைப் பிழையின் அடையாளமாகப் பார்த்த இந்தப் பார்வை ஹோவர்டிடம் வெறும் உத்தியாக நிற்கவில்லை. பயிரைத் தாக்கும் பூச்சியும் பூஞ்சணமும் நோயின் காரணமல்ல, மண்ணின் குறையை எடுத்துச் சொல்லும் ஆசிரியர்கள் என்பது வரை அவர் சென்றார். 1940-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் அதை வலியுறுத்தினார். நல்ல மண்ணிலும் வண்டு வந்து குருத்தைத் தின்னும் என்று அறிந்த தென்னை விவசாயிக்கு இது முழுமையாக ஒப்பாது, ஒப்ப வேண்டியதும் இல்லை. ஆனால் மக்குக் குழியைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரிதும் சரி. மூன்று மாதத்தில் முடியும் குழியில் ஐந்தாறு மாத வாழ்வுடைய வண்டு முட்டையிட்டாலும் அதன் புழு வண்டாகும் முன்பே மக்கு வயலுக்குப் போய்விடுகிறது. வண்டை ஒழிப்பதற்காக யாரும் திட்டமிடாமலே, வேகமாக மக்கவைக்கும் முறை வண்டின் காலத்தைப் பறித்துக்கொண்டது. எனினும் கிளறுவதற்கு ஆள்கூலி மிகுதி என்பதால், ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த கொல்லைகளில் ஆண்டுக்கு ஒரு முறை வெட்டும் பழக்கமே நீடித்தது, வண்டும் நீடித்தது.

ஈயின் கணக்கு இதற்கு நேர்மாறு. வீட்டு ஈ ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டையிடுகிறது. வெயில் காலத்தில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, நான்கைந்து நாளில் புழு பருத்து, முட்டையிட்டதிலிருந்து பத்து நாளுக்குள் புதிய ஈ பறந்துவிடுகிறது. மூன்று மாதக் குவியலும் அதற்கு நீண்ட காலம்தான். 1911-இல் லேலண்ட் ஹோவர்டு என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், பெயரொற்றுமை தவிர இந்தூர் ஹோவர்டோடு தொடர்பில்லாதவர், வீட்டு ஈயை நோய் சுமக்கும் பூச்சியாகவே காட்டி நூல் எழுதினார். அந்தக் காலத்திலிருந்து நகரக் குப்பைமேடு மருத்துவத் துறையின் பொருளாயிற்று. ஈப்புழுவிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. 50 பாகையை ஒட்டிய சூட்டில் அது இறந்துவிடும் என்பதால், சூடேறும் நடுப்பகுதியை விட்டு ஓரத்துக்கு நகர்ந்துகொள்கிறது. கூட்டுப்புழுவாகும் வேளை வந்ததும் ஈரக் குவியலை விட்டு வெளியேறி, பக்கத்துக் காய்ந்த மண்ணுக்குள் புகுகிறது. ஓரத்தை நடுவுக்குப் புரட்டித் தள்ளுவதும், குவியலின் அடித்தரையை இறுக்கமாக வைத்திருப்பதும் ஈயைக் குறைக்கும் என்பதற்கு இவையே காரணங்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஹரால்டு கோட்டாஸ் 1956-இல் எழுதிய மக்கு உரம் பற்றிய நூல் ஈக்கட்டுப்பாட்டைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது.

இந்திய நகரங்களின் குப்பையில் சமையல் கழிவோடு மனித மலமும் சேர்ந்திருந்ததால் அதைக் கிளறுவது என்பதே கொடுமையான வேலை. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில், கழிவுநீர் வேதியியலில் பெயர்பெற்ற கில்பர்ட் பவுலர் தொடங்கிவைத்த ஆய்வுமரபில் வந்த சி. என். ஆச்சார்யா, 1939-ஐ ஒட்டி, கிளறவே வேண்டாத முறையை உருவாக்கினார். பெங்களூர் முறை எனப்படும் இதில், ஊருக்கு வெளியே 90 சென்டிமீட்டர் ஆழத்தில் நீண்ட பள்ளம் தோண்டி, 15 சென்டிமீட்டர் குப்பையும் 5 சென்டிமீட்டர் மலமுமாக மாறி மாறி அடுக்கி, மேலே 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் குப்பை பரப்பி, தோண்டிய மண்ணால் மூடிவிடுவார்கள். முதல் வாரத்திலேயே உள்ளே சூடு 60 பாகையைத் தொட்டு, இரண்டு மூன்று வாரம் அப்படியே நிற்கிறது. நான்கிலிருந்து ஆறு மாதத்தில் மக்கு தயாராகிறது. இந்தூர் முறை பூச்சியின் நாளைக் கிளறிக் கலைத்தது. பெங்களூர் முறை கதவை அடைத்துவிட்டது. 1940-களில் பல நகராட்சிகள் இதை மேற்கொண்டன.

கதவை அடைக்கும் வரை அந்தப் பொருளைச் சுமந்தவர் யார் என்ற கேள்வியைச் சுகாதார நூல்கள் கேட்டதில்லை. உலர்கழிப்பிடத்திலிருந்து பள்ளம் வரை மலத்தை வாளியிலும் வண்டியிலும் கொண்டுபோனவர்கள் சாதியின் பெயரால் அவ்வேலைக்குத் தள்ளப்பட்டவர்கள். ஈயும் புழுவும் முதலில் மொய்த்தது அவர்கள் உடலில்தான். இந்தூர்ப் பண்ணையின் கணக்கேட்டில் கிளறுகூலி ஒரு வரியாக வந்தது. நகராட்சிப் பள்ளத்தில் அந்த வரி ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதுமாக இருந்தது. மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும்தான் வந்தன. நகர எரு உழவருக்குப் பயன்பட்டதைப் பாராட்டும் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிச் செல்வது வழக்கம். தாண்டாமல் எழுதினால்தான் வரலாறு நேர்மையாகும்.

நாள்கணக்கைப் பொருட்படுத்தாமலே பூச்சியை அடக்கலாம் என்ற நம்பிக்கை ஒரு காலம் நிலவியது. பூச்சியைக் கொல்லும் திறன் 1939-இல் கண்டறியப்பட்ட டி.டி.டி., போருக்குப் பிறகு குப்பைமேடுகளிலும் தெளிக்கப்பட்டது. 1946, 1947 ஆண்டுகளிலேயே சுவீடனிலும் இத்தாலியிலும் அதற்கு மசியாத வீட்டு ஈக்கள் தென்பட்டன. காண்டாமிருக வண்டுக்காக எருக்குழியில் பி.எச்.சி. தூளும் பின்னர் கார்பரில் மருந்தும் தூவுமாறு தென்னை விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. பி.எச்.சி. இந்தியாவில் 1997-இல் தடைசெய்யப்பட்டது, கார்பரில் 2018-இல். இந்த அத்தியாயம் இவ்வளவுதான்.

வீட்டு மக்குத் தொட்டி இந்த வரலாற்றின் மிகப் பிந்திய வரவு. குப்பையைப் பிரித்துக் கையாள வேண்டும் என்று 2000-இல் வந்த நகரத் திடக்கழிவு விதிகளும், அவற்றுக்கு மாற்றாக 2016-இல் வந்த விதிகளும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற தொடர்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. 2006-இல் பெங்களூரில் தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம் சுடுமண் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தொட்டியைப் பரப்பியது. தமிழக அரசு 2013-ஐ ஒட்டிச் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டப் பொருள்களை மானிய விலையில் வழங்கத் தொடங்கியதும், மொட்டைமாடியில் மக்குத் தொட்டி வைப்பது நடுத்தர வீடுகளின் பழக்கமாயிற்று. கொல்லையிலிருந்த குழி மாடியேறியபோது மாடும் சாணமும் அதோடு வரவில்லை. வந்தது சோறும் காய்த்தோலும் பழமும் சேர்ந்த, ஈரம் மிகுந்த சமையலறைக் கழிவு. ஆகவே பூச்சிகளும் மாறின. முதலில் வருபவை பழத்தோலைச் சுற்றும் பழ ஈக்கள்; மாம்பழக் காலத்தில் தொட்டியின் மூடியைத் திறந்தால் முகத்தில் புகைபோல எழும் இவற்றைப் பலரும் கொசு என்றே சொல்கிறார்கள். தொட்டி காய்ந்துபோனால் எறும்பு புற்று வைக்கும். இருட்டும் இடுக்கும் இருந்தால் கரப்பான் குடியேறும். காய்ந்த சருகையோ தேங்காய் நார்த்தூளையோ ஒவ்வொரு நாள் கழிவின் மேலும் ஒரு கை பரப்புவது, பள்ளத்தின் மேல் ஆச்சார்யா பரப்பிய உலர்குப்பை அடுக்கின் சிற்றுருவே. கொல்லைக் குழியில் நாள்தோறும் அடுப்புச் சாம்பலைக் கொட்டிய பழைய வழக்கமும் அதே வேலையைத் தன்னையறியாமல் செய்து வந்திருக்க வேண்டும்.

தொட்டி வைத்தவர்களை மிகவும் கலவரப்படுத்துவது பிளாக் சோல்ஜர் ஈ. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டு வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்ட இது, பார்வைக்குக் குளவி போலிருக்கும்; கருத்த உடல், வெளுத்த பாதங்கள், வயிற்றின் தொடக்கத்தில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் இரண்டு சிறு திட்டுகள். இது முட்டையிடுவது கழிவின் மேலன்று, அதன் அருகேயுள்ள வெடிப்பிலும் மூடியின் விளிம்பிலும். பொரித்த புழுக்கள் கழிவுக்குள் இறங்கி இரண்டு மூன்று வாரம் ஓயாமல் தின்கின்றன. உட்கார்ந்து கவனித்தால் மழைத்தூறல் போன்ற மெல்லிய அரவம் கேட்கும். தொட்டி நெளிவதைப் பார்த்துப் பதறிக் கொதிநீரையும் மண்ணெண்ணெயையும் ஊற்றியவர்கள் பலர். ஆனால் இப்புழு பெருகிய கழிவில் வீட்டு ஈயால் பெருக முடிவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1959-லேயே எழுதியிருக்கிறார்கள். வளர்ந்த ஈ வீட்டுக்குள் உணவைத் தேடி வருவதும் இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே சில நாள் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிகிறது. இன்று பல நாடுகளில் உணவுக் கழிவைக் கோழித் தீவனமாகவும் மீன் தீவனமாகவும் மாற்ற இதைத் தொழிலாகவே வளர்க்கிறார்கள். எருக்குழியின் புழுவைக் கோழி பொறுக்கிய பழைய ஏற்பாடு, தொழிற்கூடமாக உருமாறித் திரும்பியிருக்கிறது.

பழைய நாள்கணக்கும் சில மாடிகளில் திரும்பி வந்திருக்கிறது. வாரம் ஒரு முறை கிளறிய ஆர்வம் தணிந்து, தொட்டி ஆறேழு மாதம் மூலையில் மறந்துபோன வீடுகளில், அடியைக் கவிழ்க்கும்போது கட்டைவிரல் பருமனுள்ள வெள்ளைப் புழுக்கள் சுருண்டு விழுகின்றன. விளக்கொளிக்கு ஈர்க்கப்பட்டு இரவில் பறக்கும் காண்டாமிருக வண்டுக்கு மொட்டைமாடி எட்டாத உயரமன்று. பக்கத்தில் தென்னை நிற்கும் தெருவானால் சொல்லவே வேண்டாம். ஆனால் விழுந்தவையெல்லாம் அதன் புழுக்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூக்களில் மகரந்தம் தின்னும் பூவண்டுகளின் புழுக்களும் மக்கில் இதே வடிவில் வளர்ந்து, மக்கை மேலும் பொடியாக்குகின்றன. இரண்டையும் பிரித்தறியப் பூச்சியியல் படித்திருக்கத் தேவையில்லை. புழுவைச் சமமான தரையில் விட்டுச் சற்றுக் காத்திருந்தால் போதும்: பூவண்டின் புழு மல்லாந்துகொண்டு, கால்களை ஆகாயத்தில் விட்டு, முதுகாலேயே ஊர்ந்து வேகமாக நகரும், காண்டாமிருக வண்டின் புழு போட்ட இடத்திலேயே ஒருக்களித்துச் சுருண்டு கிடக்கும். முன்னது தொட்டிக்குத் திரும்பலாம். பின்னதைக் காகம் கொண்டுபோகும்.